தோட்டா பாய் தேர்ந்தெடுத்த தோட்டா

உலகத்திலேயே ஒரு தடவைகூடத் துப்பாக்கியைத் தொட்டுச் சுடாமல் அதிக மிருகங்களை வீழ்த்தியவர் யார் என்று போட்டி வைத்தால், முதல் பரிசு சந்தேகமே இல்லாமல் அஜ்மானில் எங்கள் ரூமுக்குத்தான் வந்து சேரும். இரண்டாம் பரிசுக்கு ஆளே கிடையாது.

பாஸ்போர்ட்டில் அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். அந்தப் பாஸ்போர்ட் அவருடைய அர்பாபின், அதாவது முதலாளியின், இரும்பு அலமாரியில் கிடந்ததால் நாங்கள் அதைப் பார்த்ததில்லை. எங்களுக்கு அவர் தோட்டா பாய். ஊர் காயல்பட்டினம். ஷார்ஜாவில் ஒரு வேட்டைச் சாமான் கடையில் தோட்டாப் பிரிவுக்கு அவர்தான் சர்வாதிகாரி. தொண்ணூறுகளின் நடுவில், நான் ஒரு கார்கோ ஆபீஸில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த காலத்தில், கீழ்க்கட்டில் அவருடையது, மேல்கட்டில் என்னுடையது. வாடகை மலிவு என்று அஜ்மானில் ஒரே ரூமில் ஆறு பேர் அடைந்து கிடந்தோம்.

ஆப்பிரிக்காவுக்குப் பெரிய வேட்டைக்குப் போகிற அரபுப் பணக்காரர்கள்தான் அவருடைய வாடிக்கையாளர்கள். வேறு கடையில் கேட்டதை எடுத்துக் கொடுப்பார்கள். பாயிடம் அந்தப் பாச்சா பலிக்காது. பெண் பார்க்க வந்த வீட்டார் மாதிரி விசாரணை நடக்கும். என்ன மிருகம்? எவ்வளவு எடை? எத்தனை கஜத்திலிருந்து சுடப்போகிறீர்கள்? காற்றடிக்கிற மலையா, காடா? எல்லாம் முடிந்ததும் வந்தவரின் தோளை ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வையில் ஷேக்குகளே நெளிவார்கள்.

ஒருநாள் நான் கடைக்குப் போயிருந்தபோது, அத்தர் மணக்க ஒரு இளைஞன் வந்தான். அறுநூறு கஜத்திலிருந்து காட்டெருமையை அடிக்க வேண்டுமாம், இருப்பதிலேயே பெரிய தோட்டா வேண்டுமாம். பாய் பெட்டியை எடுத்தார், அவனைப் பார்த்தார், பெட்டியைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டார்.

"மாஃபி" என்றார். இல்லை என்று அர்த்தம். அலமாரி நிறைய இருந்தது.

அவன் கோபித்துக்கொண்டு போனதும் என்னிடம் பொருமினார். "பாத்தீங்களா தம்பி? தூரம் கூடக்கூட தோட்டாவைப் பெருசாக் கேக்குறானுவ. கொஞ்சம் கிட்டப் போவோம்னு ஒருத்தனுக்கும் தோண மாட்டேங்குது. அவ்வளவு தூரத்துல இருந்து அடிச்சா அது சாவாது. குண்டை வாங்கிக்கிட்டு நாள் முச்சூடும் நொண்டும். அந்தப் பாவம் யாருக்கு? விக்கிற எனக்குல்லா!"

இந்த ஞானம் ரூமிலும் எங்களை விடவில்லை. ஏசி மெக்கானிக் செல்வம், நாகர்கோவில்காரர், சுவரில் போன கரப்பானைப் பார்த்து சேஃப்டி ஷூவைத் தூக்கினார். "செல்வம், அவ்வளவு எடை வேணாம். ரப்பர் செருப்பு போதும். குறி முக்கியம்" என்று படுக்கையிலிருந்தபடியே பாய் உத்தரவு கொடுத்தார். செல்வம் கேட்கவில்லை. ஷூ பறந்தது, கண்ணாடி உடைந்தது, கரப்பான் நிதானமாகக் கிச்சனுக்குப் போனது.

"ஓய் பாய், ஒம்ம வாயை வச்சுக்கிட்டுச் சும்மா கெடயும்வே!" என்று செல்வம் கத்தினார். பாய் எழுந்து, கண்ணாடித் துண்டுகளைக் கூட்டி அள்ளினார். அப்படி ஒரு மனிதர்.

அந்த வருஷம் அவர் மகள் ஜொஹராவுக்கு நிக்காஹ் நிச்சயமானது. மாப்பிள்ளை சவூதியில், தம்மாமில் வேலை பார்ப்பவர். சின்ன லீவில் ஊருக்கு வந்து, நிக்காஹ் முடித்து, உடனே திரும்ப வேண்டும். அதனால் குறித்த தேதியை அசைக்க முடியாது. மகள் பிறந்தபோதும் பாய் ஊரில் இல்லை, குர்ஆன் ஓதப் போட்டபோதும் இல்லை, பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோதும் இல்லை. "இதுக்கு மட்டும் நான் நிக்கணும் தம்பி. மாப்புள்ள கையை நான் புடிச்சுக் குடுக்கணும்" என்று ரூம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அப்போது பார்த்து அர்பாபுக்கு ஆப்பிரிக்க ஆசை வந்தது. வீட்டுச் சுவரில் சுருள் கொம்புடன் ஒரு பெரிய மான் தலை மாட்ட வேண்டுமாம். "நீயும் வா. தோட்டாவுக்கு நீதான். மான் விழுந்த மறுநாள் திரும்பிவிடலாம், உன் மகள் கல்யாணத்துக்கு நானே டிக்கெட் எடுத்துத் தருகிறேன்" என்றார். பாஸ்போர்ட் அவர் அலமாரியில். முடியாது என்று எந்த வாயால் சொல்வது? ஆக, மான் சீக்கிரம் விழுந்தால் பாய்க்கு நிக்காஹ். விழாவிட்டால் இல்லை.

வில்லங்கம் என்னவென்றால், அர்பாப் தேர்ந்தெடுத்திருந்தது ஒரு ராட்சத மேக்னம் தோட்டா. நண்பர்கள் எல்லாம் அதைத்தான் வைத்திருந்தார்களாம். அது உதைக்கிற உதையில் ஒட்டகமே உட்கார்ந்துவிடும்.

ஒரு வெள்ளிக்கிழமை பாலைவனத்தில் ஒத்திகை. குறிப்பலகை தூக்க என்னையும் பாய் கூட்டிப் போயிருந்தார். அர்பாப் இரண்டு முறை சுட்டார். மணல் செத்தது, பலகை பிழைத்தது. மூன்றாவது முறை விசையை இழுத்தார். டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வெடிக்கவில்லை. ஆனால் துப்பாக்கி முனை குபுக்கென்று தரையைப் பார்த்துக் குனிந்தது. அர்பாபின் கண்கள் இறுக மூடியிருந்தன. முகம் பல் பிடுங்க உட்கார்ந்த ஆள் மாதிரி கோணியிருந்தது. சுற்றி நின்ற அவருடைய மைத்துனர்கள் எல்லோரும் அதைப் பார்த்துவிட்டார்கள்.

தோட்டாக்களுக்கு நடுவில் மருந்தில்லாத டம்மி ஒன்றைப் போட்டு வைத்தது பாய்தான். வேண்டுமென்றே. வெடித்தால் உதையில் மறைந்துவிடுகிற பயம், வெடிக்காதபோதுதான் வெளியே தெரியும்.

அர்பாப் டம்மியை வெளியே எடுத்தார். அதைப் பார்த்தார், பாயைப் பார்த்தார். விசா கேன்சல், ஆள் அடுத்த விமானம் என்றுதான் நினைத்தேன்.

"அர்பாப், உங்க மேல தப்பில்லே. இந்தத் தோட்டா ரொம்ப உதைக்குது. உதைக்குப் பயந்து கண்ணு தானா மூடுது. மான் முந்நூறு கஜத்துல நிக்கும். கண்ணை மூடினா அது எங்கே தெரியும்?" என்று அரபியும் உருதுவும் கலந்து பாய் சொல்லி முடித்தார்.

அதைக் கேட்டு அர்பாப் சிரித்தார் பாருங்கள், தாடி குலுங்கக் குலுங்க! பாயைக் கட்டிக்கொண்டார். பாய் கொடுத்த வேறு துப்பாக்கியில், சாதுவான தர்ட்டி நாட் சிக்ஸ் தோட்டாவைப் போட்டுச் சுட்டார். பலகையில் வரிசையாக ஓட்டை விழுந்தது.

திரும்பும்போது வண்டியில் பாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை ஜில்லென்றிருந்தது. "மவ கலியாணம்லா தம்பி. இல்லாட்டி எனக்கு ஏது அவ்வளவு தைரியம்?"

புறப்பட்டுப் போனார்கள். நாள் ஓடியது. பாய் வரவில்லை. நிக்காஹ் அன்று காலையில் கீழே குரோசரிக் கடைக்கு, ஊரிலிருந்து பாயின் தம்பி போன் பண்ணினார். நான்தான் எடுத்தேன்.

"காக்கா அங்கேருந்து பொறப்பட்டுட்டாஹளா? பள்ளிவாசல்ல எல்லாரும் காத்துக்கிட்டு இருக்கோம்." அண்ணனை அவர்கள் ஊரில் காக்கா என்பார்கள்.

"இல்லீங்க" என்றேன். வேறென்ன சொல்ல? "அப்ப நானே நின்னு முடிச்சு வைக்கிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டார். அன்று எங்கள் ரூமில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

ஒரு வாரம் கழித்துப் பாய் வந்தார், கன்னமெல்லாம் ஒட்டிப்போய். மான் கிடைக்கவில்லையா என்று கேட்டோம்.

"கெடச்சுதே. மொத நாள் காலையிலேயே. ஒரே தோட்டா, நின்ன எடத்துலயே விழுந்துச்சு. அதுதான் வெனையாப் போச்சு. 'நீதான் என் அதிர்ஷ்டம், இனி நீ இல்லாம வேட்டையே இல்லே, காட்டெருமையும் பாத்துட்டுத்தான் போறோம்'னுட்டார். மவ கலியாணம்னு கால்ல விழாத குறையாச் சொன்னேன். மாஃபி முஷ்கில், ஒரு பிரச்சினையும் இல்லே, தங்கச் செட்டே வாங்கித் தாரேன்னார். தந்துட்டார். அவர் கெட்டவர் இல்லே தம்பி. கெட்டவரா இருந்தா நாலு திட்டு திட்டிட்டாவது கெடப்பேன்."

செல்வம் பொறுக்க முடியாமல் கேட்டார். "பேசாம அந்த ராட்சதத் தோட்டாவையே குடுத்துத் தொலைச்சிருக்கலாம்லா வே? நாலு நாள் கண்ட எடத்துலயும் சுட்டுட்டு, வெறுத்துப்போய் மனுஷன் திரும்பியிருப்பாரு."

பாய் யோசித்தார். "அது எப்படி செல்வம்? மானு அடிபட்டு, காட்டுக்குள்ள நொண்டிக்கிட்டுல்லா திரியும்?"

செல்வம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டார்.

அந்தக் காலத்தில் ஊரிலிருந்து கடிதத்தோடு கேசட்டும் வரும். அடுத்த வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து பாய் வந்த பிறகு, நிக்காஹ் கேசட்டைப் போட்டோம். ஆறு பேரும் டேப் ரெக்கார்டரைச் சுற்றி உட்கார்ந்தோம். கூட்ட இரைச்சல், ஓதுகிற சத்தம், பிறகு மகளைக் கொடுக்கிற வார்த்தைகளை அவர் தம்பி சொல்கிற குரல். பாய் அந்த வார்த்தைகளைச் சத்தமில்லாமல் கூடவே சொன்னார். வலது கை மடியிலிருந்து கொஞ்சம் உயர்ந்து, யாரையோ பிடிப்பது போல் நின்றது.

இரைச்சல் நின்று, ஒரு பெண் குரல் கேட்டது.

"வாப்பா, ஜொஹரா பேசறேன். சாப்டீங்களா?"

அதற்குப் பிறகு டேப்பில் சத்தமில்லை. பாய் பதில் சொல்வதற்காக அந்தப் பெண் இடம் விட்டிருந்தாள்.

"சாப்டேம்மா" என்றார் பாய்.

"மானு கெடச்சுச்சா?"

"கெடச்சுதும்மா. ஒரே தோட்டாதான்."

"நீங்க வராம முடிச்சதுக்கு எம்மேல கோவம் இல்லையே?"

பாய் வேகமாகத் தலையை ஆட்டினார். கண்ணிலிருந்து தண்ணீர் தாடியில் இறங்கியது.

"எப்ப வாப்பா வருவீங்க?"

பாய் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. பாஸ்போர்ட் மறுபடியும் அலமாரிக்குப் போயிருந்தது. டேப் வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது. சட்டென்று செல்வம் குனிந்து, டிரங்க் காலில் பேசுகிறவர் மாதிரி ரெக்கார்டரைப் பார்த்துக் கத்தினார்.

"அடுத்த மாசம் வருவாரும்மா! நாங்க அனுப்பி வைக்கோம்!"

"சரி வாப்பா, ஒடம்பைப் பாத்துக்குங்க" என்றாள் அவள். கேசட் நின்றது.

மறுநாள் டூட்டிக்கு மட்டம் போட்டுவிட்டு, பாயை ஊருக்கு அனுப்ப அவர் பாஸ்போர்ட்டைக் கேட்டு, நாங்கள் ஐந்து பேரும் அர்பாப் வீட்டு வாசலில் போய் நின்றோம். அந்தப் பெண் சரி என்று சொல்லிவிட்டாளே, அப்புறம் நாங்கள் எப்படிச் சும்மா இருப்பது?