தென்னை நாரும் தன்னடக்கமும்

தன்னடக்கத்தைப் போல ஆபத்தான குணம் வேறு இல்லை. வீட்டில் எவ்வளவு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். என் கட்சிக்காரராக மட்டும் வந்துவிடாதீர்கள்.

சாந்தோம் சேவியர் சார் பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். சிமென்ட்டில் தென்னை நாரைக் கலந்து, எத்தனை மழையில் நனைந்தாலும் விரிசல் விடாத கூரைப் பலகை ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். காப்புரிமை அலுவலகத்தில் கேட்டால், 'நார் சேர்த்தால் பலம் வரும் என்பது இந்தத் துறையில் எவருக்கும் தோன்றக்கூடியதுதான்' என்று மறுத்துவிட்டார்கள். மேல்முறையீடு என் கைக்கு வந்தது. நான் தனியாக வாதாடும் முதல் வழக்கு. (மயிலாப்பூரில் எங்கள் தெரு முழுக்க அம்மா சொல்லிவைத்திருந்தாள்.) தோற்றால், பெரிய கம்பெனிக்காரன் எவனும் சாரின் பலகையை இஷ்டத்துக்குச் செய்து விற்கலாம்.

மூச்சு விடாமல் பொளந்து கட்டினேன். "இது எவருக்குமே தோன்றாத யோசனை, மை லார்ட்." நீதிபதி தலையாட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அதோடு உட்கார்ந்திருக்கலாம். "கண்டுபிடித்தவரே வந்திருக்கிறார்" என்று பின்வரிசையைக் காட்டினேன்.

நீதிபதி ஆசையாகக் கேட்டார். "பிரமாதம் சார். எப்படித் தோணிச்சு?"

சார் எழுந்து, கைகூப்பி, நெளிந்தார். "அதெல்லாம் பெருசா ஒண்ணுமில்லைங்க ஐயா. ஆண்டவர் கிருபை. இது யாருக்கு வேணா தோணும்."

"நானும் அதைத்தான் சொல்றேன், மை லார்ட்" என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். வேறு வாதமே அவருக்குத் தேவைப்படவில்லை.

என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"மை லார்ட், என் கட்சிக்காரர் பொய் சொல்றார்."

(சட்டக் கல்லூரியில் இப்படி ஒரு வாதத்தை யாரும் சொல்லித்தரவில்லை.)

சார் பக்கத்திலிருந்த அவர் மனைவி செலின் டீச்சர் விருட்டென எழுந்தார்.

"வக்கீலம்மா சொல்றதுதாங்க நெஜம். யாருக்கு வேணா தோணுமாம்ல. வருஷக்கணக்கா எங்க மொட்டை மாடியில இவர் செஞ்சு பார்த்த பலகையெல்லாம் வெடிச்சுக்கிட்டே இருந்துச்சு, துணி காயப்போட எடமில்லை. கூட வேலை பார்த்த எஞ்சினியருங்க அத்தனை பேரும் 'நார் மக்கிப்போயிடும், விட்டுடுய்யா'ன்னாங்க. இவர்தான் விடலை. யார் பாராட்டினாலும் இப்படித்தான் சொல்லுவார், ஐயா."

நீதிபதிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இதை ஏம்மா நீங்க மனுவுல எழுதலை?" என்று என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி. மானம் கப்பலேறியது.

அந்த எஞ்சினியர்களின் வாக்குமூலங்களோடு வழக்கு மறுவிசாரணைக்குப் போனது. காப்புரிமையும் வந்தது. எனக்குத்தான் விமோசனம் இல்லை. போன வாரம் தி.நகரில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தோம். பசி வயிற்றைக் கிள்ள, "வேண்டாம் அத்தை, இப்பதான் சாப்பிட்டு வந்தோம்" என்றேன்.

என் கணவர் எழுந்து நின்று கைகூப்பினார். "அத்தை, என் கட்சிக்காரர் பொய் சொல்றார். நாலு தோசை ஊத்துங்க."