முதலையின் வாயில் ஒரு காலிப் பணியிடம்

ஒரு காட்டில் ஒரு மடு, அந்த மடுவில் ஒரு முதலை, அந்த முதலையின் வாய்க்குள் ஒரு பறவை. பத்து வருடமாக இந்த ஏற்பாடு ஒரு சண்டை சச்சரவு இல்லாமல் நடந்துவந்தது. அரசாங்கத்தின் கண்ணில் படாததுதான் காரணம்.

முதலையின் பெயர் நெடுவாயன். பறவை உப்புக்கொத்தி இனம், பெயர் கூர்மூக்கி. பனிமலைக்கு அப்பாலிருந்து ஐப்பசியில் வருவாள், பங்குனியில் திரும்பிப் போவாள். தினமும் காலையில் நெடுவாயன் கரையேறி வாயைப் பிளந்துகொண்டு படுப்பான். அவள் உள்ளே போய்ப் பல்லிடுக்கில் சிக்கியதையெல்லாம் கொத்தித் தின்பாள். அவளுக்கு வயிறு நிறையும், அவனுக்குப் பல்வலி தீரும். ஒரே ஒரு சூட்சுமம்: நாக்கில் எது பட்டாலும் நெடுவாயனின் வாய் பட்டென்று மூடிக்கொள்ளும். அவனே நினைத்தாலும் அதை நிறுத்த முடியாது. அதனால் கூர்மூக்கி ஈறின் ஓரமாகவே நடப்பாள். பத்து வருடத்தில் ஒரு தடவைகூட அவள் கால் நாக்கில் பட்டதில்லை. அவள் இல்லாத கோடை முழுவதும் நெடுவாயன் கன்னத்தைச் சேற்றில் புதைத்துக்கொண்டு முனகிக் கிடப்பான்.

அந்த வருடம் காட்டில் புதுச் சட்டம் வந்தது. உள்ளூர்ப் பிராணிகளின் பிழைப்பை வெளியூர்ப் பறவைகள் தட்டிப் பறிப்பதாக எல்லா மரத்தடியிலும் பேச்சு கிளம்பி, அது சட்டமாகவே ஆகிவிட்டது. கார்த்திகை முதல் வாரத்தில் மடுக்கரையில் ஒரு நோட்டீஸ் ஒட்டப்பட்டது. வெளிநாட்டுப் பறவையை அனுமதியின்றிப் பணியமர்த்தியுள்ள முதலாளி நாற்பது நாட்களுக்குள் உரிமம் பெற வேண்டும், தவறினால் பறவை மலைக்கு அப்பால் அனுப்பப்படும், முதலாளி மடுவை விட்டு வெளியேற்றப்படுவார் என்று அதில் இருந்தது. யாரையோ சொல்கிறார்கள் என்று நெடுவாயன் திரும்பிப் பார்த்தான். பின்னால் யாரும் இல்லை. தான் ஒரு முதலாளி என்பதே அவனுக்கு அன்றுதான் தெரிந்தது.

கூர்மூக்கி நோட்டீஸை இரண்டு தடவை படித்தாள். இந்த மாதத்தில் மலையில் பனி ஆளுயரத்துக்குக் கிடக்கும், தாண்டப் போனால் நடுவழியில் விறைத்துச் சாக வேண்டியதுதான் என்றாள். தான் இருக்கும்போது எதற்குப் பயம் என்று நெடுவாயன் தேற்றினான். மனதாரத்தான் சொன்னான்.

அலுவலகம் மருதமரத்தடியில் இருந்தது. அதிகாரி ஒரு தேவாங்கு. பகலெல்லாம் தூங்கும் பிராணியைப் பகல்நேர அலுவலகத்தில் உட்கார வைத்தது யாருடைய யோசனையோ தெரியவில்லை. டோக்கன் வாங்கி மூன்று நாள் வரிசையில் ஊர்ந்த பிறகு நெடுவாயன் தேவாங்கின் முன்னால் போய்ச் சேர்ந்தான். தேவாங்கு ஒரு கண்ணைத் திறந்து, இந்த வேலைக்கு உள்ளூரில் ஆள் இல்லை என்று முதலில் நிரூபிக்க வேண்டும், அதற்கு முப்பது நாள் விளம்பரம் செய்து, வருகிறவர்களை நேர்காணல் செய்து, ஏன் எடுக்கவில்லை என்று எழுதித் தர வேண்டும் என்று விளக்கியது. விளக்கி முடிப்பதற்குள் வெயில் சாய்ந்துவிட்டது.

வாசலில் மனு எழுதிக் கொடுக்கும் முள்ளம்பன்றி ஒன்று உட்கார்ந்திருந்தது. தன் முதுகிலிருந்தே ஒரு முள்ளைப் பிடுங்கி அதாலேயே எழுதும். அது நெடுவாயனிடம் விவரம் கேட்டுக்கொண்டு, கூர்மூக்கியைத் தவிர யாருக்கும் பொருந்தாதபடி விளம்பரத்தைத் தைத்துக் கொடுத்தது: "முதலையின் வாய்க்குள் நின்று பல் சுத்தம் செய்ய ஆள் தேவை. நாக்கை மிதிக்காமல் நடந்ததில் பத்தாண்டு அனுபவம் அவசியம். உள்ளூர்வாசிகளுக்கு முன்னுரிமை."

முதலை வாய்க்குள் வேலைக்கு எவன் வருவான் என்று நெடுவாயன் நிம்மதியாகப் படுத்தான். பாவம், காட்டில் வேலையில்லாத் திண்டாட்டம் எந்த அளவுக்கு முற்றியிருந்தது என்று அவனுக்குத் தெரியாது. மறுநாள் காலையிலேயே ஒரு முயல் வந்து நின்றது. கக்கத்தில் கோப்பு, கோப்பு நிறையச் சான்றிதழ். பாறையடிப் பள்ளியில் படித்து மூன்று வருடமாக வீட்டில் சும்மா இருக்கிறதாம். அனுபவம் இல்லை, ஆனால் சீக்கிரம் கற்றுக்கொள்ளும் சுபாவம் என்றது. நெடுவாயன் முறையாக நேர்காணல் செய்யத்தான் நினைத்தான். நாலு கேள்வி கேட்டுப் போகச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். வாய் திறந்ததும், அழைக்கிறார்கள் என்று நினைத்து முயல் பணிவாக உள்ளே நுழைந்தது. நேரே நாக்கில் கால் வைத்தது.

நெடுவாயனுக்கு மனசு ரொம்பச் சங்கடமாகிவிட்டது. கண்ணில் நீர்கூட வந்தது. ஆனால் முதலை அழுதால் யார் நம்புகிறார்கள்? கூர்மூக்கி வாய்க்குள் போய்க் கடைவாயில் மாட்டியிருந்த சான்றிதழின் மூலையைப் பிடுங்கி வெளியே போட்டாள்.

அடுத்த நாள் அணில். அதற்கடுத்த நாள் ஒரே வீட்டைச் சேர்ந்த இரண்டு எலிகள். வாயைத் திறந்தாலே உள்ளே வந்துவிடுகிறார்களே என்று நெடுவாயன் முதல் வாரம் வருத்தப்பட்டான். இரண்டாம் வாரம் வருத்தம் கொஞ்சம் குறைந்தது. மூன்றாம் வாரம், காலையில் யாரும் வரவில்லையென்றால் விளம்பரப் பலகை சாய்ந்துவிட்டதா என்று போய்ப் பார்த்தான். முப்பது நாளில் மொத்தம் இருபத்தொரு பேர்.

அறிக்கையை எப்படி எழுதுவது என்று முள்ளம்பன்றிக்கே கொஞ்சம் திகைப்பாக இருந்தது. கடைசியில், 'விண்ணப்பதாரர்கள் பணியிடத்துக்குள் நுழைந்தார்கள். பிறகு திரும்பவில்லை' என்று உள்ளதை உள்ளபடி எழுதியது.

தேவாங்கு அதைப் படித்துவிட்டு இரண்டு கண்ணையும் திறந்தது. அந்த அலுவலகத்தில் அது நடப்பது அபூர்வம். இருபத்தொரு உள்ளூர்வாசிகளுக்கு வேலை கொடுத்த முதலாளியை இந்தக் காடு கண்டதில்லை என்று பாராட்டியது. இத்தனை பேர் உள்ளூரில் இருக்கும்போது வெளிநாட்டுப் பறவை எதற்கு என்று கேட்டு, கூர்மூக்கியின் விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டது.

நெடுவாயன் கணக்குப் போட்டுப் பார்த்தான். கூர்மூக்கி போனால் பல் போய்விடும். அதைவிட, அவள் பனியில் விழுந்து சாவதை நினைக்க அவனுக்குத் தாங்கவில்லை. நிஜத்தைச் சொல்லிவிடுவதே மேல் என்று முடிவுசெய்தான்.

"ஐயா, அவங்க யாரும் வேலையில சேரலை. நான் தின்னுட்டேன்."

"தின்னா என்ன? அது இயற்கை. வேலைக்கு வெச்சாத்தான் சட்டம் கேள்வி கேட்கும்."

அந்தப் பதிலில்தான் முள்ளம்பன்றி வழியைக் கண்டுபிடித்தது. வெளிநாட்டுப் பறவையை வேலைக்கு வைக்கத்தானே தடை, தின்னத் தடை இல்லையே. ஊழியர் என்று எழுதாமல், கூர்மூக்கியை இரை என்று பதிந்துவிட்டால் உரிமமே வேண்டாம். புதுப் படிவத்தில் பெயர், ஊர், இறகின் நிறம் எல்லாம் எழுதி, 'வகை' என்ற இடத்தில் 'இரை' என்று அழுத்தி எழுதியது. கூர்மூக்கி அந்தச் சொல்லை அலகால் தொட்டுக் காட்டினாள்.

"இரைன்னு எழுதிட்டா தின்னுடுவீங்களாண்ணே?"

"காகிதத்துலதானே புள்ள."

அவள் காலை மையில் தோய்த்துப் படிவத்தில் பதித்தாள். தேவாங்கு முத்திரை குத்தியது. மறுநாள் காலையில் இருவரும் பழையபடி வேலையைத் தொடங்கினார்கள். நாலைந்து நாள் எல்லாம் சுகமாகத்தான் போயிற்று.

ஆறாம் நாள் தேவாங்கு இரண்டு காவல் நாய்களோடு திடீர்ச் சோதனைக்கு வந்தது. கூர்மூக்கி அப்போது வாய்க்குள் கடைவாய்ப் பல் அருகில் நின்றுகொண்டிருந்தாள். இரை என்று பதியப்பட்டது ஆறு நாளாக உயிரோடு உள்ளே போய் வெளியே வருவதாகப் புகார் வந்திருக்கிறது என்றது தேவாங்கு. உண்மையில் இரையாக இருந்தால் நல்லது. ஊழியராக இருந்தால், பொய்த் தகவல் தந்த குற்றத்துக்கு முதலாளி மடுவை விட்டு நிரந்தரமாக வெளியேற வேண்டும். நாய்கள் கயிற்றை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டன.

"நான் நல்லவன்தான், நெடுவாயரே. கண்ணை மூடிக்கிட்டுப் பத்து எண்ணுறேன். திறக்கும்போது படிவத்துல இருக்கிறபடி இருந்தா போதும்."

தேவாங்கு பத்து எண்ணுவதென்றால் சாமானியமா? ஐந்து வருவதற்குள் நெடுவாயன் மடுவின் குளிர்ந்த தண்ணீரை நினைத்தான். கொதிக்கிற மேட்டில் தோல் வெடித்துக் கிடப்பதை நினைத்தான். ஏழு வருவதற்குள் கூர்மூக்கியை நினைத்தான், எப்படியும் பனியில் சாகப்போகிறவள்தானே என்று நினைத்தான், இதை நினைத்த பிறகு மனசு சற்று லேசானது. வாய் இன்னும் திறந்துதான் இருந்தது. அவள் பறந்து போயிருக்கலாம். ஆனால் பத்து வருடமாகத் தன்மேல் மூடாத வாய் அது, அண்ணன் ஏதாவது சொல்லிச் சமாளிப்பார் என்று ஈறின் ஓரமாக ஒதுங்கி நின்றாள்.

"பத்து" என்றது தேவாங்கு. நெடுவாயன் வாயை மூடினான்.

தேவாங்கு கண்ணைத் திறந்து, படிவத்தில் 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதி, இந்த முடிவில் முதலாளிக்கு ஏதேனும் ஆட்சேபணை உண்டா என்று விதிப்படி கேட்டது. வாய் நிறைய இருந்ததால் நெடுவாயனால் பேச முடியவில்லை. 'ஆட்சேபணை இல்லை' என்று தேவாங்கே எழுதிக்கொண்டது.

நீதி: படிவமும் ஆளும் ஒத்துப்போகாவிட்டால் ஆளைத்தான் சரிசெய்ய வேண்டும், படிவத்தில் அடித்தல் திருத்தல் கூடாது.