டேப் டிரைவுக்கு என்ன கோளாறு?

டேப் டிரைவின் பின்னாலிருந்த கேபிளைச் சற்றே தளர்த்தி வைக்கலாம் என்றுதான் சாவி இழுத்தான். அது முழுசாகக் கையோடு வந்துவிட்டது.

சர்வர் அறைச் சாவி அவனிடம் இருந்ததால் அலுவலகத்தில் எல்லோருக்கும் அவன் 'சாவி'. உள்ளே எந்தப் பெட்டி என்ன வேலை செய்கிறது என்று மட்டும் அவனிடம் கேட்கக்கூடாது. அவனுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அந்தப் பெட்டிகளைச் சோதிக்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஓர் இன்ஜினியர் பெண் வருவாள். போன வாரம் வந்தாள். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இனி ஆறு மாதம்!

கேபிளை ஒப்புக்குச் செருகிவிட்டு போன் செய்தான். "மேடம், டேப்ல பேக்கப் ஏற மாட்டேங்குது."

மறுநாளே வந்தாள். பெட்டியின் பின்பக்கம் எட்டிப் பார்த்து ஒரு விரலால் அழுத்தினாள். டக்.

"கேபிள் லூஸ் சார். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா? நல்லாப் பாருங்க மேடம். உள்ளே வேற ஏதாவது..."

அவள் அவனை ஒரு கணம் ஏறிட்டுப் பார்த்தாள். "சரி, எதுக்கும் டெஸ்ட் போட்டுடலாம்."

முதலில் டிஸ்க்குகள். ஒவ்வொன்றின் பச்சை விளக்கும் சிமிட்டச் சிமிட்ட, காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியைத் தொடுவதுபோல் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்த்தாள். எல்லாம் பாஸ். அடுத்தது டேப். அலுவலகத் தகவலெல்லாம் நகலெடுத்து வைத்திருந்த டேப்பைச் சாவி எடுத்து நீட்டியதும் பதறிப்போனாள்.

"ஐயோ, இது எழுதிப் பார்க்கிற டெஸ்ட் சார்! இதைப் போட்டா உங்க பேக்கப் மொத்தமும் அழிஞ்சிடும். டெஸ்டுக்கு நானே வேற டேப் கொண்டு வந்திருக்கேன்."

என்ன பொறுப்பு! சாவி உருகினான். திரையில் சிவப்பு எழுத்து ஓடியது.

"ஃபெயில்," என்றாள். "அடுத்த வாரம் வந்து பார்க்கிறேன்."

அன்று வீட்டில் அக்கா கேட்டாள். "என்னடா, வாயெல்லாம் பல்லா இருக்கு?"

"டேப் டிரைவ் கெட்டுப்போச்சுக்கா."

அடுத்த வாரமும் ஃபெயில். அதற்கடுத்த வாரமும். சாவியின் சிரிப்பு மெல்ல வற்றியது.

"இப்ப என்னடா மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு?"

"இன்னும் கெட்டுத்தான் இருக்குக்கா. நான் இழுத்த இழுப்புல உள்ளே எதையோ உடைச்சுட்டேன்னு நினைக்கிறேன்." விஷயம் முழுவதும் வெளியே வந்தது.

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "பிடிச்சிருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லத் துப்பில்ல. யானை விலை மெஷின்ல கை வைக்க மட்டும் துணிச்சல் வந்துடுச்சு! போ, தூசியா இருக்கும். நம்ம வாக்குவம் கிளீனரை எடுத்துட்டுப் போ."

எடுத்துப் போனான். குழாய் இடித்து ஒரு டிஸ்க் பாதி வெளியே வந்தது. பெட்டி 'கீ கீ' என்று ஊரைக் கூட்டியது. போன் செய்ததும் அவள் ஓடி வந்தாள்.

"பயப்படாதீங்க சார். மத்த டிஸ்க்கெல்லாம் சேர்ந்து தாங்கிப் பிடிச்சிருக்கு. ஒரு எழுத்துகூடப் போகல."

டிஸ்க்கை உள்ளே தள்ளினாள். விட்டுப்போனதையெல்லாம் மற்ற டிஸ்க்குகளிடமிருந்து அது வாங்கி நிரப்பிக்கொள்ளும்வரை முக்காலியை விட்டு நகரவில்லை. இப்படி ஒருத்தி பக்கத்தில் இருந்தால் யார்தான் தேறமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டான் சாவி. டேப் மட்டும் தேறவில்லை. மறுபடி ஃபெயில்.

ஒருவேளை சூடாக இருக்குமோ? ஏசியைக் கடைசிவரை குறைத்தான். அந்த ஏசிதான் மேலாளர் அறைக்கும் என்பது, அவர் மூக்கைத் துடைத்தபடி வந்து நின்றபோதுதான் தெரிந்தது.

"இந்தப் பொண்ணு வருது, போகுது, மெஷின் மட்டும் தேறல. அச்சூ! வேலை தெரியாதவங்களை அனுப்பாதீங்கன்னு அவங்க கம்பெனிக்கே சொல்லிட்டேன். நாளைக்கு அவங்க பெரிய இன்ஜினியர் வர்றார். இவ சரியில்லன்னு அவர் சொல்லிட்டா, இவளுக்கு அங்கே வேலையே இருக்காது."

சாவி தன்னையே நொந்துகொண்டான். யார் செய்த பாவம், யார் தலையில் விடிகிறது!

பெரிய இன்ஜினியர் வந்தார். பின்னால் அவள், முகம் வெளுத்துப்போய். அவளுக்கும் பின்னால், புது டேப் டிரைவைத் தோளில் சுமந்தபடி அவர்கள் கம்பெனி கார் டிரைவர்.

பெரியவர் தன் பையிலிருந்து டேப்பை எடுத்துப் போட்டார். எழுதியது. படித்தது. திரை பச்சையானது.

"மெஷின் ஜம்முனு இருக்கே!"

"பார்த்தீங்களா?" மேலாளர் குதித்தார். "இந்தப் பொண்ணுக்குத்தான் வேலை தெரியல!"

"சார், அப்படிச் சொல்லாதீங்க!" சாவி குறுக்கே வந்து நின்றான். "இவங்களை மாதிரி வேலை தெரிஞ்சவங்களை நான் பார்த்ததே இல்ல. தப்பு என்னோடது. கேபிளைப் பிடுங்கினது நான். டிஸ்க்கை இடிச்சது நான். உங்களுக்குச் சளி பிடிக்க வச்சதும் நான்தான்."

"எதுக்குய்யா?"

"இவங்க வேலை செய்யறதைப் பார்த்துக்கிட்டே இருக்கலாம்னு தோணுச்சு சார். அதுக்கு இவங்க வரணும்ல?"

பெரியவர் தாடையைச் சொறிந்தார்.

"கேபிளை இவங்க முதல் நாளே சரி பண்ணிட்டாங்களே தம்பி. டிஸ்க்குக்கும் டேப்புக்கும் சம்பந்தமே இல்ல. நீ எதையும் உடைக்கல. அப்புறம் எப்படி வாராவாரம் ஃபெயில் ஆச்சு?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் காது மடல்வரை சிவந்துபோய்த் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெட்டியை இறக்கி வைத்த டிரைவர் முதுகை நிமிர்த்தினார். "நல்ல டேப்பா எடுத்துட்டு வாம்மான்னு நானும் ஒவ்வொரு தடவையும் சொல்றேன் சார். 'வேணாம்ணே, எது கண்டிப்பா ஃபெயில் ஆகுமோ, அதுதான் வேணும்'னு நம்ம ஆபீஸ் குப்பைத்தொட்டியில தேடித் தேடிப் பொறுக்கிட்டு வருது இந்தப் பொண்ணு!"