சுரேன் வேதியனின் தாய்மொழி

2005ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம், ஒஸ்லோ ஹவுகன்ஸ்டுவாத் தமிழ்ச் சதுரங்க மன்றத்தின் நிர்வாகக் கூட்டத்திலை ஒரு தீர்மானம் ஏகமனதாக நிறைவேறினது. எங்களுக்கு செஸ் விளையாடத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் வேணும்.

இதிலை சிரிக்க ஒண்டுமில்லை. மன்றம் தொடங்கி எட்டு மாசந்தான். தலைவர், உபதலைவர், பொருளாளர், கணக்காய்வாளர், போசகர் மூண்டு பேர், செயலாளர் நான் இரத்தினவேல் எண்டு எட்டுப் பேர் இருந்தனாங்கள். இலச்சினையும் இருந்தது. முந்தின வருசம் ஒஸ்லோத் தமிழ்ப் பிள்ளையள் எல்லாம் கீபோர்ட் படிச்சவை. இந்த வருசம் செஸ். ஏனெண்டு கேக்கிறியளோ? மோர்டென்ஸ்ருட்டிலை ஆற்றையோ பிள்ளை செஸ்ஸிலை கோப்பை எடுத்துப்போட்டுது. வேறை என்ன காரணம் வேணும்?

பொருளாளர் மங்களேஸ்வரி பேப்பரிலை ஒரு பேரைக் கண்டுபிடிச்சா. "கிராண்ட்மாஸ்டர் சுரேன் வேதியன், யெரெவான்."

தலைவர் சிவானந்தன் மேசையிலை அடிச்சார். "எங்கடை ஆள்! சுரேன் எண்டால் சுரேந்திரன். வேதியன் எண்டால் நான் சொல்லவே வேணும், நல்ல சைவக் குடும்பம்."

"யெரெவான் எண்டு போட்டிருக்கே?"

"அது ஏறாவூர். நோர்வேக்காரனுக்கு எங்கடை ஊர்ப்பேர் எழுத வருமோ? என்னையே பன்ரண்டு வருசமாச் சிவானந்த்சென் எண்டு எழுதுறாங்கள்."

தமிழ்க் கிராண்ட்மாஸ்டரைப் பயிற்சியாளராக நியமிப்பதெனத் தீர்மானம் எழுதி, முன்மொழிஞ்சு, வழிமொழிஞ்சு, கையெழுத்தும் வைச்சாச்சு. பிறகுதான் ஆள் வந்தார். ஆறடி உயரம், நீலக் கண்.

"கொஞ்சம் வெள்ளைதான்" எண்டு சிவானந்தன் என்ரை காதுக்குள்ளை சொன்னார். "இந்தக் குளிருக்கை இருந்தால் அப்பிடித்தான்."

வந்தவர் உடைஞ்ச நோர்வேஜியத்திலை தான் ஆர்மேனியன், யெரெவான் தன்ரை நாட்டுத் தலைநகர் எண்டார். ஆனால் தீர்மானத்தை மாத்திறதெண்டால் இருபத்தொரு நாள் அறிவித்தல் குடுத்துப் பொதுக்கூட்டம் கூட்டோணும். ஆகவே அவர் தமிழராகவே தொடர்ந்தார்.

மனிசன்ரை கதையைக் கேட்டால் வயித்தெரிச்சல். பத்தொன்பது வயசிலை கிராண்ட்மாஸ்டர். ஆனால் யெரெவானிலை டாக்ஸிக்காரனும் செஸ் விளையாடுவான், பல்லுப் பிடுங்கிறவனும் விளையாடுவான், பட்டத்தைச் சொன்னால், "சரி, இரு, ஒரு ஆட்டம் போடுவம்" எண்டு மறிச்சு வைச்சிடுவாங்களாம். முப்பது நாட்டிலை விளையாடி, கடைசியாய்ப் பேர்கன் போட்டிக்கு வந்து ரண்டாம் இடம். இப்ப ஒஸ்லோ ஹோட்டல் ஒண்டிலை கோப்பை கழுவுறார். வெண்ட கோப்பையில்லை, தேத்தண்ணிக் கோப்பை. மனிசி அனாகித் ஏழு மாசப் பிள்ளைத்தாச்சி. மார்ச் கடைசியோடை விசா முடியுது.

வேலை ஒண்டு காட்டினால் விசா நீடிப்பினம் எண்டு நாங்கள் அவரையும் கூட்டிக்கொண்டு குடிவரவுக் கந்தோருக்குப் போனம். கேஸ் பாக்கிற அம்மா கணினியைப் பாத்தா.

"செஸ் ஆசிரியர் எண்டு படிவத்திலை கட்டம் இல்லை. தாய்மொழி ஆசிரியர் எண்டு ஒரு கட்டம் இருக்கு. அதுக்கு ஆள் தட்டுப்பாடு."

"அதைப் போடுங்கோ!" எண்டார் சிவானந்தன்.

"எந்தத் தாய்மொழி?"

"தமிழ்."

"இவர் தமிழரோ?"

சிவானந்தன் கூட்டறிக்கைப் புத்தகத்தை விரிச்சுக் காட்டினார். கையெழுத்தும் முத்திரையும் இருந்தபடியால் அவ ஆளை நிமிர்ந்து பாக்கேல்லை. மூண்டு கிழமையிலை மொழிச் சோதினை எண்டா.

எங்களிட்டை வேறை தமிழ்ப் புத்தகம் இல்லை. அந்தக் கூட்டறிக்கைப் புத்தகத்தையே நோர்வேஜிய எழுத்திலை எழுதிக் குடுத்தம். மனிசன் செஸ் ஆட்டம் பாடமாக்கிற மாதிரி இரவும் பகலும் அதைப் பாடமாக்கினார். சோதினையிலை இதைக் கேட்டால் இந்த வரி, அதைக் கேட்டால் அந்த வரி.

சோதினைக்கு மொழிபெயர்ப்பாளராய் வந்தவர் இளங்கோ, கோயம்புத்தூர்ப் பெடியன், கம்ப்யூட்டர் கம்பனியிலை வேலை.

"உங்களைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்க சார்."

வேதியன் எழும்பி நிண்டார். "பேரன்புக்கும் பெருமதிப்பிற்கும் உரிய ஐயா அவர்களே! கடும் குளிரையும் பொருட்படுத்தாது வருகை தந்திருக்கும் தங்களை இருகரம் கூப்பி வரவேற்பதில் பெருமகிழ்ச்சி அடைகின்றேன்."

இளங்கோவும் எழும்பி நிண்டிட்டார்.

"எங்க சார் படிச்சீங்க?"

"அதனைச் செயற்குழு பின்னர் பரிசீலிக்கும்."

"மேடம், இது ரொம்ப உசந்த தமிழ்" எண்டார் இளங்கோ. "எங்க ஊர்ல மந்திரிங்கதான் இப்படிப் பேசுவாங்க."

எனக்குக் கண் கலங்கிப் போச்சு. அப்பதான் அந்த அம்மா, உறுதிக் கையெழுத்து வைச்ச எட்டுப் பேருக்கும் அதே சோதினை எண்டா. சட்டமாம்.

சிவானந்தன் நெஞ்சை நிமித்தினார். "ஓம் தம்பி, நாங்கள் சோக்னாட் போட்டனாங்கள், வேட்டாக் இன்னும் வரேல்லை, ஃப்ரிஸ்ட் முடியப் போகுது, க்ளாகே எழுதுவமோ எண்டு யோசிக்கிறம்."

இளங்கோ அந்த அம்மாவின்ரை பக்கம் திரும்பினார். "மேடம், இவர் பேசறது நார்வேஜியன்னு நினைக்கிறேன். நீங்களே பாத்துக்கங்க."

மிச்ச ஏழு பேரும் வாயைத் திறந்தனாங்கள். எங்களுக்கும் அதுதான் வந்துது.

பத்து நாளிலை வேட்டாக், அதாவது முடிவுக் கடிதம், வந்திட்டுது. திரு. வேதியன்: தாய்மொழி தமிழ். நியமனம் வழங்கப்படுகிறது, தமிழ் போதாத மாணவர் எட்டுப் பேராவது இருந்தால். செஸ் கற்பிக்கத் தகுதிச் சான்று இல்லாதபடியால் அது தடை. மன்ற நிர்வாகிகள் எண்மர்: தாய்மொழி இன்னதென நிர்ணயிக்க முடியவில்லை. வகுப்பில் சேரத் தகுதியுடையோர்.

செஸ் தடையைப் பற்றி ஒருத்தரும் கவலைப்படேல்லை. பிள்ளையள் அதுக்கிடையிலை ஸ்கீ எண்ட பனிச்சறுக்குக்கு மாறிவிட்டினம்.

சிவானந்தன் மட்டும் குதிச்சார். "எனக்கோ தமிழ் தெரியாது? நான் பருத்தித்துறையிலை பிறந்தவன்! இப்பவே க்ளாகே போடுறன்!" க்ளாகே எண்டால் மேன்முறையீடு.

"போடுங்கோ அண்ணை" எண்டா மங்களேஸ்வரி. "நீங்கள் வெண்டால் நாங்கள் ஏழு பேர். ஏழு பேரெண்டால் வகுப்பு இல்லை. வகுப்பு இல்லாட்டி அந்தப் பிள்ளைத்தாச்சி எங்கை போறது?"

அவர் பேனையை மூடிச் சட்டைப்பையிலை வைச்சார்.

முதல் வகுப்புக்கு நாங்கள் எட்டுப் பேரும் கொப்பியோடை போனம். கேஸ் பாக்கிற அம்மா பரிசோதிக்க வந்து நிண்டா. பக்கத்திலை இளங்கோ. அவ சொன்னதை அவர் தமிழிலை கேட்டார்.

"இங்க யாருக்காவது தமிழ் தாய்மொழியா? இருந்தா கை தூக்குங்க."

நாங்கள் எட்டுப் பேரும் ஆளையாள் பாத்து முழிச்சம். சிவானந்தன் வலக்கையை இடக்கையாலை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு, "இவர் என்ன கேக்கிறார்?" எண்டு என்னட்டை நோர்வேஜியத்திலை கேட்டார். எனக்கும் விளங்கேல்லை எண்டு நோர்வேஜியத்திலை சொன்னன்.

வேதியன் மட்டும் கையை உயர்த்தினார்.