யார் கேட்டாலும் சொல்லக் கூடாது

ஒரு கம்ப்யூட்டர்கூடத் திறக்கவில்லை. மேற்பார்வை அதிகாரியோ வந்துகொண்டிருந்தார்.

கம்ப்யூட்டர் டீச்சருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இன்று அதிகாரி நல்லபடியாக எழுதிக்கொடுத்தால்தான் வேலை நிரந்தரம். காலையில் அவரே போனில் கூப்பிட்டு, வகுப்பைப் பற்றி அக்கறையாக விசாரித்து, சிறந்த ஆசிரியர் விருதுக்குப் பெயரை அனுப்புவதாகவும் சொல்லியிருந்தார். அந்த மிதப்பில் வந்தவரை எல்லாத் திரைகளும் 'தவறான பாஸ்வேர்டு' என்று முறைத்தன.

எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டுதான். அதை மாற்றுவது எப்படி என்று நேற்று மூன்றாம் வகுப்புக்குச் செய்துகாட்டியதும் அவர்தான். பிறகு சந்தேகம் வேறு யார்மேல் விழும்?

"மாத்தினது யாரு? திட்ட மாட்டேன். புது பாஸ்வேர்டை மட்டும் சொல்லுங்க."

முதல் பெஞ்சுப் பெண் எழுந்தாள். ஆசிரியர் அறையில் அவளுக்குப் பெயர் வக்கீலம்மா.

"யார் கேட்டாலும் சொல்லக் கூடாது, டீச்சர்."

"நான் உன் டீச்சர்டி!"

"டீச்சர்னு சொல்லிக்கிட்டு யார் வேணா கேப்பாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

டீச்சர் இறங்கிவந்தார். "சரி, சொன்னா ஆளுக்கொரு சாக்லேட்."

"பரிசு தர்றேன்னா உஷார்!" வகுப்பே கோரஸாகக் கத்தியது. பாஸ்வேர்டைக் கேட்டு ஏமாற்றுகிறவர்களைப் பற்றி நேற்று அவர் மெனக்கெட்டு மெட்டுப் போட்டுக் கொடுத்த பாட்டு.

"ஐயோ, நேரமாச்சு, சீக்கிரம்!"

"அவசரப்படுத்தினா ரொம்ப உஷார்!"

வேறு வழியில்லாமல் தலைமை ஆசிரியரைக் கூட்டிவந்தார். அவர் வந்ததும் வராததுமாக மேஜையைத் தட்டி உறுமினார். பாட்டின் கடைசி அடி, பயமுறுத்தினால் ஓடிப்போய் ஒரு பெரியவரிடம் சொல்ல வேண்டும் என்பது. பின்வரிசையில் இருவர் ஓடினார்கள்.

"யாருங்க அது, புள்ளைங்கள மிரட்டறது?" என்று தடியோடு வந்து நின்றார் வாட்ச்மேன். அவருக்குப் பின்னால் அதிகாரி.

டீச்சர் கண்ணில் நீர் முட்ட, நடந்ததையெல்லாம் ஒப்பித்தார். அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார்.

"பாடம் பிள்ளைங்க மனசுல நல்லாப் பதிஞ்சிருக்கும்மா. இதுக்கு மேல என்ன பாக்கணும்?"

டீச்சருக்கு உயிர் வந்தது. "ரொம்ப நன்றி சார். காலைல போன்ல நீங்க கேட்டப்போ சொன்னேன் பாருங்க, அந்த பாஸ்வேர்டுதான் இப்போ வேலை செய்யல."

அதிகாரியின் சிரிப்பு நின்றது. "நான் யாருக்கும் போன் பண்ணலையேம்மா."

வக்கீலம்மா மெல்லக் கையைத் தூக்கினாள்.

"பரிசு தர்றேன்னு சொன்னாங்களா, டீச்சர்?"