மீன் ஐஸில் வந்த புரதம்

மகள் மேல் அளவு கடந்த நம்பிக்கை வைத்திருக்கும் அப்பாவை முக்கியமான இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது. நம்பிக்கையே இல்லாத அப்பா எவ்வளவோ தேவலை. அவர் வீட்டிலேயே இருந்துவிடுவார்.

சோயா மாவைத் தண்ணீரில் கரைத்தால் குப்பென்று ஒரு பச்சை வாசனை வருமே, அதற்குக் காரணம் விதையில் இருக்கும் ஒரு நொதி. கொழுப்பை ஆக்சிஜனோடு சேர்த்துவைப்பது அதன் வேலை. அந்த நொதியைப் போய் ஒட்டிக்கொண்டு, 'கொஞ்சம் அடங்கு' என்று பிடித்து வைக்கும் இன்னொரு புரதத்தை நான் ஒரு செடியின் இலையிலிருந்து பிரித்தெடுத்திருந்தேன். என் முனைவர் பட்டமே அதை நம்பித்தான் இருந்தது. (கல்யாணப் பேச்சும் அதைச் சொல்லித்தான் தள்ளிப்போய்க்கொண்டிருந்தது.)

மாமல்லபுரத்தில் ஒரு கருத்தரங்கு. என் ஆய்வை மதிப்பிடப்போகும் பேராசிரியரும் வருகிறார். படம் போட்டுக் காட்டினால் போதாதா? எனக்குப் போதவில்லை. இரண்டு கோப்பைகளில் சோயா மாவு, ஒன்றில் வெறும் தண்ணீர், மற்றதில் என் புரதக் கரைசல். முகர்ந்து பார்த்தே அவர் அசந்துபோக வேண்டும் என்பது திட்டம்.

புரதம் சூடானால் கதை முடிந்தது. அதனால் தண்ணீர்க் குழாய், புரதக் குழாய் இரண்டையும் ஐஸ் பெட்டியில் வைத்து, செங்கல்பட்டில் அப்பாவின் ஸ்கூட்டரில் ஏறினேன். மாமல்லபுரம் நெருங்கும்போது திறந்து பார்த்தால் ஐஸெல்லாம் கரைந்திருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்பா ரிடையரான கணக்கு வாத்தியார், சுத்த சைவம். மீன் விற்கும் தெருவை மூச்சைப் பிடித்துக்கொண்டு கடக்கிறவர், அன்றைக்கு மீன் கடை வாசலிலேயே வண்டியை நிறுத்தினார்.

"இன்னா சார், மீனு வாணாம், ஐஸு மட்டும் வேணுமா? பொட்டில இன்னா கீது?" என்றார் கடைக்கார அம்மா.

"என் பொண்ணோட டாக்டர் பட்டம்மா."

"அய்ய, அத்த கெட்டுப்பூட வுடலாமா!" என்று வஞ்சிரத்துக்கு அடியிலிருந்து இரண்டு கை ஐஸை அள்ளிப் போட்டார்.

மேடையில் குழாய்களை எடுத்து, அவற்றின் மேலிருந்த ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட, கோப்பைகளில் கம்பீரமாக ஊற்றினேன். பேராசிரியர் ஒன்றை முகர்ந்தார். அடுத்ததை முகர்ந்தார். மறுபடி முதலாவதற்குப் போனார்.

"வித்தியாசம் தெரியலையேம்மா. ரெண்டுமே வஞ்சிரம்தான்."

அரங்கம் சிரிப்பதற்குள் கடைசி வரிசையில் அப்பா எழுந்துவிட்டார்.

"சார், அது மீன் ஐஸ் வாசனை. நான்தான் வாங்கினேன். புரதத்து மேல தப்பே இல்ல சார்!"

மேஜைக்கு அடியில் புகுந்துகொள்ளலாமா என்று பார்த்தேன். அங்கே ஐஸ் பெட்டி இருந்தது.

பிறகு ஆய்வகத்தில் ஒழுங்காகச் செய்துகாட்டிப் பட்டமும் வாங்கினேன். பேராசிரியர் இப்போதும் என்னைக் கண்டால், "அப்பா வந்திருக்காரா?" என்று கேட்டுவிட்டுத்தான் மூச்சை இழுத்து விடுகிறார். அப்பா மேல் எனக்கிருந்த கோபமெல்லாம் போய்விட்டது. அன்றைக்கு அத்தனை பேர் நடுவில் என் புரதத்தை நம்பிய ஒரே ஆள் அவர்தானே.

போன வாரம் அப்பா காய்ச்சிய பால் அடிப்பிடித்து, வீடெல்லாம் ஒரே நாற்றம். அம்மா கரண்டியோடு நின்று முறைத்தார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் கூடத்திலிருந்து குரல் கொடுத்தார்:

"புரதத்து மேல தப்பே இல்ல, அத்தை!"