முடிச்சுச் சித்தரும் மீன் வாடையும்

முதலில் யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதைச் சொல்லிவிட வேண்டும். விஷயத்தில் பாதி அதிலேயே இருக்கிறது.

இடம், கடலூர் முதுநகரில் துறைமுகம் போகிற வழியில் இருக்கும் சின்னக் கல்யாண மண்டபம். 2008ஆம் வருடம், சித்திரை மாதம், வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. மேடையில், மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் இடத்தில், முடிச்சுச் சித்தர். உட்கார்ந்திருந்தது புலித்தோலில். புலியைத் துணி மில்லில் அச்சடித்திருந்தார்கள். இரட்டைக் கட்டில் அளவு. அந்தப் போர்வை அவர் உட்கார்ந்திருந்த பெஞ்சை மூடித் தரைவரை தொங்கியது. சித்தருக்கு இடப்பக்கம், தராசு வைத்த மேஜைக்குப் பின்னால், சீடர் சுப்புராயன். எதிரே, கைவைத்த பிளாஸ்டிக் நாற்காலிகளில், ஐம்பதாயிரத்துக்கு மேல் சேர்த்தவர்கள். கையில்லாத நாற்காலிகளில் இருபதாயிரத்துக்கு மேல் சேர்த்தவர்கள். அதற்கும் கீழே உள்ளவர்கள் ஜமுக்காளத்தில். ஒன்றும் சேர்க்காதவர்கள் வாசலில், செருப்புகளுக்குக் காவலாக. சித்தரின் தலைக்கு மேல் ஒரு பேனர்: 'இங்கே அனைவரும் சமம்.'

கையில்லாத நாற்காலியில், மூன்றாவது வரிசையில், மீன்கார அஞ்சம்மாள். மடியில் ஒரு பால்பவுடர் டப்பா. அதில் முப்பத்தெட்டாயிரத்து நானூறு ரூபாய். ஆவணியில் மகள் ஜோதிலட்சுமிக்குக் கல்யாணம்; அதற்காக ஆறு வருடமாகச் சேர்த்த பணம். யாருக்குக் கைவைத்த நாற்காலி, யாருக்கு ஜமுக்காளம் என்று பிரித்து உட்கார வைத்துக்கொண்டிருந்தவர் அஞ்சம்மாளின் அண்ணன் பழனிவேல். சட்டையில் 'தொண்டர்' என்று பேட்ஜ். தங்கையைக் கூட்டிவந்தவரும் அவர்தான்.

சித்தர் வந்த நேரம் கச்சிதமானது. மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் நாற்பத்தைந்து நாள் கட்டிக் கிடக்கும். ஊருக்கு வேலையில்லை, கேட்க நேரமிருக்கிறது. வீட்டுக்கு வீடு கல்யாணக் கவலை வேறு. இந்த இரண்டும் சேர்ந்துவிட்டால் சித்தரை யாரும் தேடிப்போக வேண்டியதில்லை. அவரே ஒரு சீடரோடும் தராசோடும் வந்து இறங்குவார்.

"மக்களே!" மைக் கரகரத்தது. "ஒரு நெல்லை மண்ணுல போட்டா நூறு நெல்லு. ஒரு ரூபாயை மஞ்சத்துணியில முடிஞ்சா ஒன்றரை ரூபா! பூமாதேவிக்கு இருக்கிற சக்தி மகாலட்சுமிக்கு இல்லாமப் போயிடுமா?"

மண்டபம் கைதட்டியது. மகாலட்சுமிக்குச் சக்தி இல்லை என்று சொல்ல யாருக்குத்தான் துணிச்சல் வரும்?

முறை எளிது. காணிக்கை நூற்றைம்பத்தொன்று. பணத்தை மஞ்சள் துணியில் கட்டிக் கொடுக்க வேண்டும். சுப்புராயன் எடை போட்டு, எத்தனை நோட்டு என்று நோட்டுப்புத்தகத்தில் எழுதிக்கொள்வார். சித்தர் மூட்டையை மடியில் வைத்து, மேலே பட்டுத்துணியைப் போர்த்தி, ஒன்பது நிமிடம் கண்ணை மூடுவார். மேளம் முழங்கும். சாம்பிராணிப் புகை எழும்பும். பிறகு மூட்டை வெளியே வரும். சுப்புராயன் முடிச்சின்மேல் அரக்குச் சீல் வைப்பார்.

"முகூர்த்தத்தன்னிக்குக் காலையிலதான் பிரிக்கணும்" என்றார் சித்தர். "அவசரப்பட்டு அதுக்கு முன்ன எவன் பிரிச்சாலும், உள்ள இருக்கிறது அத்தினியும் காயிதமாப் போயிடும். அப்புறம் என்னைக் கேக்கப்படாது!"

இந்த ஒரு வரிக்காகவே அவருக்குச் சட்டப் பட்டம் கொடுக்கலாம். பிரித்தால் காகிதம், குற்றம் பிரித்தவன் மேல். பிரிக்காவிட்டால் பணம், பெருமை சித்தருக்கு. வக்கீல்கள்கூட இவ்வளவு இறுக்கமாகப் பத்திரம் எழுதுவதில்லை.

அஞ்சம்மாள் எழுந்து போய் டப்பாவைக் கவிழ்த்தாள்.

ஜோதிலட்சுமிக்கு ஐஸ் கம்பெனியில் டோக்கன் எழுதுகிற வேலை. சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தவள் விட்டத்தில் தொங்கிய மஞ்சள் மூட்டையைப் பார்த்தாள்.

"இன்னாம்மா இது?"

"ஒன் கல்யாணம்டி. ஆவணியில பிரிச்சா அம்பத்தேழாயிரத்து அறநூறு!"

விஷயத்தைக் கேட்டதும் ஜோதி சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அந்த முப்பத்தெட்டாயிரம் எப்படிச் சேர்ந்தது என்று அவளுக்குத் தெரியும். ஷேர் ஆட்டோவில் ஏறாமல் அம்மா கூடையோடு மார்க்கெட்டுக்கு நடந்த நடை. இரண்டாவது டீயைக் குடிக்காமல் விட்டது. விற்காத மீனை வீணாக்காமல் கருவாடு போட்டது. மகள் தன் ஜாக்கெட்டைத் தானே தைத்துக்கொண்டது. மாப்பிள்ளை மணிவண்ணனுக்கே மிஸ்டு கால் மட்டும் கொடுத்து ஒரு ரீசார்ஜை மூன்று மாதம் ஓட்டியது. இப்படி ஆறு வருடம். சித்தருக்கு ஒன்பது நிமிடம் போதுமாக இருந்தது.

"பிரிம்மா. இப்பவே பாத்துடலாம்."

"தொட்டியானா கைய ஒடிச்சிடுவேன்! காயிதமாயிடும்டி!"

ஜோதி நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். அம்மாவுக்குப் பயந்து அல்ல. பிரித்தால் காகிதம்தான் இருக்கும். அப்போதும் ஜெயிப்பது சித்தராகத்தான் இருக்கும்.

அந்த நேரத்தில் பூனை உள்ளே வந்தது. வளர்ப்புப் பூனை அல்ல, தெருவுக்கே பொது. தடைக்காலத்தில் மனிதர்களுக்காவது நிவாரணம் உண்டு, பூனைகளுக்கு அதுவும் கிடையாது. விலா எலும்பு தெரிய நின்றது.

"பாத்தியா சித்தரோட சக்திய?" என்றாள் அஞ்சம்மாள். "எம்மா நாளா இந்தப் பூன அந்த டப்பாவச் சுத்திச்சுத்தி வந்து பிராண்டிக்கினு இருந்துச்சி? நேத்திலேந்து இந்த மூட்டையத் திரும்பிக்கூடப் பாக்கல. பூனையக்கூடக் கட்டிட்டாரு!"

ஜோதி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "யம்மா, இப்ப இன்னா சொன்ன?"

"பூனையக் கட்டிட்டாருன்னு சொன்னேன்."

"அது டப்பாவ ஏன் பிராண்டுச்சி?"

"மீன் வாடைக்குத்தான். மீன் அறுத்த கையாலதானே காசு வாங்கிப் போடறேன்!"

"இப்ப அந்த வாடை எங்க போச்சி?"

அஞ்சம்மாள் விட்டத்து மூட்டையை அண்ணாந்து பார்த்தாள். "அது... மஞ்சளும் சாம்பிராணியும் அடக்கியிருக்கும்டி."

நல்ல பதில். ஜோதி அதை ஏற்றுக்கொண்டாள். ஏற்றுக்கொண்டு, சோதித்தும் பார்த்தாள். அம்மாவின் சுருக்குப்பையிலிருந்து ஆறு பத்து ரூபாய் நோட்டுகளை எடுத்தாள். கல்யாண வீட்டில் கொடுத்த மஞ்சள் பையைக் கிழித்து, அதில் வைத்துக் கட்டினாள். மஞ்சள் தூளை மேலே அப்பினாள். சாம்பிராணி போட்டு, மூட்டையை ஒன்பது நிமிடம் புகையில் காட்டினாள். மேளம் மட்டும்தான் இல்லை. பிறகு சித்தர் மூட்டையை அவிழ்க்காமல் இறக்கி, இரண்டையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

பூனை வந்தது. எலெக்‌ஷன் முடிந்த பிறகு எம்.எல்.ஏ. தொகுதியைத் தாண்டிப் போவதைப்போலச் சித்தர் மூட்டையைத் தாண்டிப் போனது. அறுபது ரூபாய் மூட்டையை முகர்ந்தது, நக்கியது, கடைசியில் பல்லால் கவ்வி இழுத்தது. மூட்டைகளை இடம் மாற்றி வைத்தாள். மறுபடியும் அதேதான். மூன்றாவது முறை அம்மாவையே வைக்கச் சொன்னாள். அப்போதும் அதேதான்.

அஞ்சம்மாள் மெல்லக் கேட்டாள்: "அப்போ நம்ம பணம் எங்கடி?"

"கேம்ப்பு நாளைக்குத்தான் முடியுது. அவரும் இன்னும் மண்டபத்தவுட்டுப் போவல. பணம் எங்கன்னு பூனைகிட்டயே கேட்டுடுவோம்."

ஞாயிற்றுக்கிழமை கடைசி நாள். கூட்டம் இரண்டு மடங்கு. வாசலில் ஜோதியைப் பழனிவேல் மறித்தார்.

"கூடையில இன்னா?"

"பூன, மாமா."

"பூனையா! சாமி எதிர்க்க பூன குறுக்க வந்தா சகுனம் இன்னாத்துக்கு ஆவும்?"

"சாமிக்கே சகுனம் கெட்டுப்போவும்னா, அவரு நமக்கு இன்னாத்த மாமா பண்ணப்போறாரு?"

பழனிவேல் கூடையைப் பிடிப்பதற்குள் ஜோதி மூன்றாவது வரிசைக்குப் போய்விட்டாள். சித்தர் கண்ணைத் திறந்த நேரம் பார்த்து, மூட்டையைத் தூக்கிக் காட்டினாள்.

"சாமி, சீலு ஒடைக்கல. முடிச்சி அவுக்கல. ஒரே ஒரு சந்தேகம். எங்கம்மா பணம் இதுக்குள்ளதான் இருக்குதா?"

"அதிலென்ன சந்தேகம் மகளே! உள்ளே வளர்ந்துகொண்டிருக்கிறது."

"பணம் வளந்தா அதுல இருக்கிற மீன் வாடையும் ஒன்றரை மடங்கு வளரணுமே சாமி? இதுல இருந்ததும் போயிடுச்சே!"

ஜமுக்காளம் சிரித்தது. கைவைத்த நாற்காலிகள் முறைத்தன. ஜோதி மூட்டையைத் தரையில் வைத்து, கூடையைத் திறந்தாள்.

பூனை வெளியே வந்தது. மூட்டையை ஒரு தடவை முகர்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. தலையைத் தூக்கிக் காற்றைப் பிடித்தது. நாற்காலிகளுக்கு நடுவே நடந்து, மேடைப் படியேறி, அச்சடித்த புலியை ஏறிட்டும் பார்க்காமல், போர்வைக்கு அடியில் நுழைந்தது.

"சூ! சூ! புடிங்கய்யா அத!" சித்தர் எகிறினார். சற்றுமுன் சுத்தத் தமிழில் வந்த அருள் சட்டென்று ஊர்ப் பேச்சுக்கு இறங்கிவிட்டது. "யோவ் தொண்டரு! மரம் மாதிரி நிக்கிறியே!"

தொண்டர் பழனிவேல் கடமை தவறாதவர். பாய்ந்து போய்ப் பூனையைப் பிடிக்கப் போர்வையைத் தூக்கினார். தூக்கியவர் தூக்கியபடியே நின்றார்.

பெஞ்சின் நடுவில், சித்தர் உட்காரும் இடத்துக்கு முன்னால், போர்வையையும் சேர்த்து அறுத்த ஒரு ஓட்டை. அதற்கு நேர் கீழே வாய் திறந்த ஒரு டிரங்குப் பெட்டி. பெட்டி நிறைய மஞ்சள் மூட்டைகள். அவற்றில் ஒன்றைப் பூனை இரண்டு காலாலும் அணைத்துக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே சிறிசு, நடுத்தரம், பெரிசு என்று மூன்று அளவில் இன்னும் இருபது மூட்டைகள், மாற்றிக் கொடுக்கத் தயாராக.

"அதெல்லாம்... பணம் சூட்சுமமா எங்கிட்ட வந்து வளருது!" என்றார் சித்தர். "உங்க கையில இருக்கிறது அதோட நெழலு!"

"நெழலுக்கு எதுக்கு சாமி அரக்குச் சீலு?" என்றாள் ஜோதி.

அதற்குமேல் சீல் எதுவும் தாங்கவில்லை. மண்டபம் முழுக்க முடிச்சுகள் அவிழ்ந்தன. எல்லாவற்றிலும் நோட்டு அளவுக்கு நறுக்கிய பழைய செய்தித்தாள். அஞ்சம்மாளுக்குக் கிடைத்தது டெண்டர் விளம்பரம். பழனிவேலும் பணம் கட்டியிருந்தார்; அவருக்கு ராசிபலன் பக்கம். அவர் ராசிக்கு 'எதிர்பாராத பணவரவு' என்று போட்டிருந்தது. அவர் பேட்ஜைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, சித்தரின் இடுப்பு வேட்டியைக் கெட்டியாகப் பிடித்தார். தராசோடு ஓடிய சுப்புராயனை ரயில்வே கேட்டில் மடக்கினார்கள்.

போலீஸ் வந்து விசாரித்ததில் சித்தரின் பெயர் பூவரசன் என்று தெரிந்தது. பெண்ணாடம் பக்கம் லாட்டரிக் கடை வைத்திருந்தவர். லாட்டரிக்குத் தடை வந்ததும் தொழிலை மாற்றிக்கொண்டார், வாடிக்கைக்காரர்கள் மாறவில்லை. சுப்புராயனின் நோட்டுப்புத்தகம் நேர்மையாக எழுதப்பட்டிருந்ததால், இன்ஸ்பெக்டர் முன்னிலையில் அவரவர் பணம் அவரவருக்குத் திரும்பியது. அஞ்சம்மாள் தன் மூட்டையை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள்.

இத்துடன் எல்லோருக்கும் புத்தி வந்தது என்று முடிக்க ஆசைதான். ஆனால் இருசம்மாள் என்று ஒரு கிழவி இருக்கிறாளே! போலீஸ் வருவதற்கு முன்பே ஜமுக்காளத்திலிருந்து எழுந்து வந்தாள். பெட்டிமேல் உட்கார்ந்திருந்த பூனையின் முன்னால் விழுந்து கும்பிட்டாள். ஒரு ரூபாய் வைத்தாள். "தாயே, எம்பேத்திக்கு ஒரு வழி காட்டு" என்றாள். அவளுக்குப் பின்னால் நாலு பேர் வரிசையில் நின்றார்கள். ஜோதி ஓடிப்போய்ப் பூனையைத் தூக்கிக் கூடையில் போட்டு மூடினாள்.

இரண்டே நாள். செவ்வாய்க்கிழமை சிதம்பரத்திலிருந்து போன் வந்தது. அஞ்சம்மாளின் தங்கை மங்கலம். அண்ணாமலை நகரில் மாணவர் லாட்ஜ் ஒன்றில் சமையல் வேலை.

"ஜோதி, அந்தப் பூனைச்சாமி எப்போடி எங்கூருக்கு வருது? இங்க பதினோரு பேரு கல்யாணத்துக்குச் சேத்து வெச்சிக்கினு காத்திருக்கோம். பூனைக்கு பஸ் சார்ஜுக்குன்னு ஆளுக்கு இருவது ரூபா வசூல்கூட பண்ணிட்டோம்."

"சித்தி, அது சாதாரண பூன. மீன் வாடைக்குப் போச்சி, அவ்ளோதான்."

"அப்டித்தான் அடக்கமா சொல்லணும். வெள்ளிக்கெழம கூட்டியாந்துடு!" போன் வைக்கப்பட்டுவிட்டது.

போனில் ஒருத்திதான் கேட்பாள், அவளும் பாதிதான் கேட்பாள். காகிதத்தில் எழுதினால் பதினோரு பேர் நடுவில் உரக்கப் படிப்பார்கள். ஜோதி புதன்கிழமை அரை நாள் லீவு போட்டாள். அம்மாவைப் போஸ்டாபீசுக்குக் கூட்டிப்போய், அவள் பேரில் கணக்கு ஆரம்பித்து, முப்பத்தெட்டாயிரத்து நானூறையும் கட்டினாள். கவுன்டரில் இருந்தவர் மூக்கைச் சுளித்துக்கொண்டே எண்ணினார். அங்கேயே ஐந்து ரூபாய்க் கவர் ஒன்று வாங்கி, பெஞ்சில் உட்கார்ந்து எழுதினாள்:

'அன்புள்ள சித்திக்கு, ஜோதிலட்சுமி எழுதுவது. எல்லோருக்கும் கேட்கும்படி படிக்கவும்.

பூனை வராது. வசூல் செய்த இருபது ரூபாயை அவரவரிடம் திருப்பிக் கொடுத்துவிடவும். அதுதான் இந்த மாதத்து முதல் சேமிப்பு.

மற்றது நீங்கள் செய்துகொண்டிருப்பதுதான். நடக்கிற தூரத்துக்கு நடப்பது. கல்யாணத்துக்கு ஒரு பவுன் குறைந்தால் குறையட்டும் என்று வாய்விட்டுச் சொல்வது. பத்திரிகையை ஒரு கலரில் அடிப்பது. இரண்டு கலரில் அடித்தாலும் தேதி மாறாது. மாதம் எவ்வளவு முடிகிறதோ அவ்வளவைப் போஸ்டாபீசில் கட்டுவது. இங்கே வட்டி கொஞ்சம்தான். ஆனால் எப்போது வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம், காகிதமாகாது. பிரித்துப் பார்க்காதே என்று எவன் சொன்னாலும் அவன் எதிரிலேயே பிரிக்கவும்.

பூனை அற்புதம் எதுவும் செய்யவில்லை. மண்டபத்தில் இருநூறு பேர் அடுத்தவர் சொன்னதைக் கேட்டு உட்கார்ந்திருந்தோம். அது மட்டும் தானே போய் முகர்ந்து பார்த்தது. மூக்கு உங்கள் பதினோரு பேருக்கும் இருக்கிறது. அதற்குப் பஸ் சார்ஜ் கிடையாது.'

கவரின் பசை சரியாக ஒட்டவில்லை. கவுன்டரில் இருந்த கோந்தைக் கேட்டு வாங்கி, மூன்று பக்கமும் தடவி, உள்ளங்கையால் அழுத்தினாள். விலாசத்தை ஒருமுறை சரிபார்த்தாள். தபால் எடுக்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது. வாசலில் இருந்த சிவப்புப் பெட்டியில் போட்டு, உள்ளே விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் கையை எடுத்தாள்.